ஒரே வீட்டில் மூன்று யோஹான்கள்

இந்தப் பிழையைப் பார்ப்பது இந்த ஆண்டில் இது நான்காவது முறை. அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் ஐந்து தலைமுறையாக உழுதுவரும் ஒரு ஜெர்மானியக் குடும்பத்தின் வம்சாவளியைச் சரிபார்க்கக் கொடுத்தார்கள். யோஹான் ஹைன்ரிஷ், யோஹான் ஃப்ரீட்ரிஷ், யோஹான் வில்ஹெல்ம் என்ற அண்ணன் தம்பிகள் மூவரையும் ஒரே ஆளாக்கி, மூன்று மனைவியரையும் பத்தொன்பது பிள்ளைகளையும் அவர் தலையில் கட்டியிருந்தார்கள்.

யோஹான் என்பது அவர்களை யாரும் கூப்பிட்ட பெயரே அல்ல! ஞானஸ்நானத்தில் சேர்த்து இடும் முன்பெயர் அது. ஒரு வீட்டு ஆண்பிள்ளைகள் அத்தனை பேருக்கும் அதை வைப்பதுண்டு. அழைக்கும் பெயர் பெரும்பாலும் அடுத்து வருவது. அதனால்தான் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அவர்கள் ஹென்றி, ஃப்ரெட், வில்லியம் என்று வருகிறார்கள். பெண்களுக்கு அன்னாவும் மரியாவும் இப்படித்தான். (யோஹானஸ் என்று முழுதாக இருந்தால் கதை வேறு, அது அழைக்கும் பெயராகவே இருக்கக்கூடும்.) ஒரே பெயரில் இரண்டு ஞானஸ்நானப் பதிவுகள் இருந்தால் எழுத்தர் பிழை என்று ஒன்றை அழித்துவிடாதீர்கள். முதல் குழந்தை இறந்து, அடுத்ததற்கு அதே பெயரை வைத்திருப்பார்கள். முதலில் அடக்கப் பதிவேட்டைப் புரட்டுங்கள்.

மேற்கு ஜெர்மனியின் வெஸ்ட்ஃபாலியாவிலிருந்து வந்த குடும்பமென்றால் இன்னொன்று உண்டு. பண்ணைக்கு வாரிசான பெண்ணை மணந்தவர் அந்தப் பண்ணையின் பெயரையே குடும்பப் பெயராக ஏற்றுக்கொள்வார். பதிவேட்டில் இரு பெயர்களுக்கு நடுவே 'கெனாண்ட்' என்றிருக்கும். 'எனப்படுபவர்' என்று பொருள். அண்ணனுக்கும் தம்பிக்கும் குடும்பப் பெயர் வேறாக இருப்பதைக் கண்டு தாயின் நடத்தையைச் சந்தேகித்து எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தாயிடம் மன்னிப்புக் கேட்கவும் வழியில்லை.

நியூயார்க் துறைமுகத்தில் குடியேறிகளைச் சோதித்த எல்லிஸ் தீவு நிலையத்தின் அதிகாரி பெயரை மாற்றிவிட்டார் என்ற கதையைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அந்த நிலையம் 1892இல்தான் திறந்தது; இந்தக் குடும்பத்தின் முன்னோர் 1850களில் வந்தவர்கள். அங்கிருந்த அதிகாரிகளும் கப்பலில் வந்த பட்டியலை வைத்துத்தான் சரிபார்த்தார்கள். 'ம்யூலர்' என்ற குடும்பப் பெயர் 'மில்லர்' ஆனது பெரும்பாலும் பிற்பாடு, அக்கம்பக்கத்தார் வாயிலும் எழுத்தர் பேனாவிலும். சில குடும்பங்களில் 1917–18இல், முதல் உலகப் போர்க்கால ஜெர்மானிய வெறுப்புக்கு அஞ்சி.

அமெரிக்கத் தேவாலயப் பதிவேட்டிலிருந்து தொடங்குங்கள். கணக்கெடுப்பு 'பிரஷ்யா' என்று அன்றைய ஜெர்மானிய அரசின் பெயரோடு நின்றுவிடும். திருமணப் பதிவில் சொந்த ஊரின் பெயரே கிடைக்கலாம். ஞானப்பெற்றோர் பெயர்களை விடாமல் எழுதிக்கொள்ளுங்கள். அவர்கள் பெரும்பாலும் உடன்பிறந்தவர்கள், இல்லையேல் ஊர்க்காரர்கள். 1890 கணக்கெடுப்பைத் தேடி நாளைப் போக்காதீர்கள். 1921 தீவிபத்திலும் அதன் பிறகும் அதில் ஏறக்குறைய எல்லாமே போய்விட்டது. கூரென்ட் என்ற பழைய ஜெர்மன் கையெழுத்தில் 'e' பார்ப்பதற்கு 'n' போலிருக்கும். படிக்கத் தெரியாவிட்டால் தெரிந்தவரிடம் காட்டுங்கள், ஊகித்து எழுதாதீர்கள்.

மூவரையும் பிரித்து வைத்த பிறகு, வில்ஹெல்மின் மனைவிக்கு அவளுடைய ஐந்து பிள்ளைகள் திரும்பக் கிடைத்தார்கள். அவர்களில் இருவர் ஒரே வாரத்தில் இறந்த கைக்குழந்தைகள். அவர்களுக்கும் வம்சாவளியில் தனித்தனியாக ஓர் இடம் கொடுங்கள்.