கார்டிலிருந்து கணினிக்கு: திருமணக் காட்சிகள் தொலைந்துபோகும் இடம்

படம்பிடிக்கும்போது ஒரு திருமணத்தின் காட்சிகள் முழுவதுமாகத் தொலைந்துபோவது அரிது. அந்த இழப்பு பெரும்பாலும் அன்றிரவு, களைத்துப்போன ஒருவர் காமிராவின் கார்டைக் கணினியில் செருகும் நேரத்தில் நிகழ்கிறது. நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் வட்டாரத்து ஸ்டுடியோக்கள் அனுப்பும் திருமணங்களையும் ஆலயத் திருவிழாக்களையும் கோவில் கொடைகளையும் தொகுத்துத் தருபவன் என்ற முறையில், தாலி கட்டும் காட்சி கிடைக்கவில்லை என்று ஒரு குடும்பத்திடம் சொல்ல நேர்வதைவிட வேதனையான வேலை இத்தொழிலில் இல்லை என்பதை அறிவேன்.

முதலில் களைய வேண்டியது ஒரு தவறான எண்ணம். வீடியோ தொகுப்பு மென்பொருள்களான பிரீமியர் புரோவிலோ டாவின்சி ரிசால்விலோ ‘இம்போர்ட்’ (உள்ளே கொண்டுவரும் கட்டளை) கொடுத்தவுடன் காட்சிகள் கணினிக்குள் வந்துவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். இந்த மென்பொருள்கள் வழக்கமாகக் கோப்பை நகலெடுப்பதில்லை. அது எந்த டிரைவில், எந்தக் கோப்புறையில் இருக்கிறது என்ற முகவரியை மட்டுமே குறித்துக்கொள்கின்றன. கார்டு செருகியபடியே இருக்கும்போது இம்போர்ட் செய்து, படம் ஓடுவதைப் பார்த்து நிம்மதியடைந்து, கார்டைக் கழற்றி அடுத்த நிகழ்ச்சிக்காக அழித்துவிட்டால், மறுநாள் புராஜெக்டைத் திறக்கும்போது ‘மீடியா ஆஃப்லைன்’ என்ற சிவப்புத் திரை மட்டுமே இருக்கும். ஃபைனல் கட் புரோ என்ற தொகுப்பு மென்பொருளில், கோப்பை அதன் லைப்ரரிக்குள் நகலெடுக்கும் தேர்வு உண்டு. அங்கும் அது இயக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஆகவே, முதலில் ஹார்ட் டிஸ்கிற்கு நகல், அதன் பிறகே அந்த நகலிலிருந்து இம்போர்ட் என்பதே சரியான வரிசை.

நகலெடுக்கும்போது வீடியோக் கோப்புகளை மட்டும் பொறுக்கி எடுப்பது நம் பகுதியில் பரவலாக உள்ள பழக்கம். இதைக் கட்டாயம் கைவிட வேண்டும். சோனியும் பானசோனிக்கும் 2006-இல் அறிமுகப்படுத்திய ஏவிசிஎச்டி முறையில் பதிவு செய்யும் கேம்கார்டர்கள் இன்றும் ஆலய நிகழ்ச்சிகளில் பயன்படுகின்றன. ஒன்றரை மணி நேரத் திருப்பலியை நிறுத்தாமல் பதிவு செய்தால், இவை அதை ஒரே கோப்பாக வைப்பதில்லை. ஏறத்தாழ 2 அல்லது 4 ஜிபிக்கு ஒரு துண்டாக வெட்டி, அந்தத் துண்டுகள் எப்படி இணைய வேண்டும் என்ற குறிப்பை ‘பிரைவேட்’ கோப்புறைக்குள் தனியாக எழுதிவைக்கின்றன. ‘ஸ்ட்ரீம்’ என்னும் உள்கோப்புறையில் கிடக்கும் எம்டிஎஸ் வீடியோக் கோப்புகளை மட்டும் எடுத்து டைம்லைனில் (காட்சிகளை வரிசையாக அடுக்கும் பட்டையில்) அடுக்கினால், ஒவ்வொரு இணைப்பிலும் ஒலி ஒரு கணம் அறுபடக்கூடும். அந்தக் கணம் வாக்குறுதி சொல்லும் இடத்திலேயே விழுந்துவிட்டால் அதைச் சரிசெய்ய வழியில்லை. கார்டில் உள்ள அனைத்தையும், பயனற்றதாகத் தோன்றும் கோப்புறைகள் உட்பட, அமைப்பு மாறாமல் நகலெடுத்து, பிரீமியரின் ‘மீடியா பிரவுசர்’ வழியாகத் திறந்தால், துண்டுகள் ஒரே காட்சியாக இணைந்தே வரும்.

இன்னொரு அபாயம் பெயர்களில் இருக்கிறது. ஒரே மாதிரியான இரண்டு சோனி காமிராக்கள் இரண்டுமே சி0001 என்ற எண்ணிலிருந்து பதிவைத் தொடங்கியிருக்கலாம். இரண்டு கார்டுகளையும் ஒரே கோப்புறையில் கொட்டும்போது, பழையதை நீக்கிவிட்டுப் புதியதை வைக்கவா என்று விண்டோஸ் கேட்கும்; நள்ளிரவில் அதற்கு ‘ஆம்’ என்று அழுத்தினால் மணமேடைக் காமிராவின் காட்சிகள் இருந்த இடத்தில் பந்திக் காமிராவின் காட்சிகள் அமர்ந்துவிடும். தேதி, ஊர், காமிரா, கார்டு எண் என்ற வரிசையில் ஒவ்வொரு கார்டுக்கும் தனிக் கோப்புறை வேண்டும்.

நகல் முடிந்தது என்ற செய்தியும் போதுமான சான்று அன்று. ரிசால்வின் மீடியா பக்கத்திலுள்ள ‘குளோன் டூல்’, மூலத்துக்கும் நகலுக்கும் சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிட்டு இரண்டும் பொருந்துகின்றனவா என்று பார்க்கிறது. இதற்குப் பொறுமை தேவைப்படும். 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட்) தரத்தில் பதிவு செய்யும் காமிரா ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 45 ஜிபி எழுதுகிறது. பழைய யுஎஸ்பி 2.0 கார்டு ரீடரில் 64 ஜிபியை நகலெடுக்க அரை மணி நேரமாவது ஆகும். யுஎஸ்பி 3.0 ரீடரும் வேகமான கார்டும் இருந்தால் அது கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் என்பதால், ரீடருக்குச் செலவிடும் பணத்தை நான் வீண்செலவாகக் கருதுவதில்லை. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் பெய்யும் மாவட்டம் நம்முடையது. நகலெடுக்கும் நடுவில் மின்சாரம் போனால் பாதி எழுதிய கோப்பு பெயரளவில் மட்டும் இருக்கும், திறக்காது. யுபிஎஸ் இல்லாத கணினியில் இந்த வேலையைச் செய்யாதீர்கள். 2017 நவம்பர் 30-இல் ஒக்கி புயல் தாக்கியபோது இங்குப் பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லாமல் இருந்ததை நினைத்துப் பார்த்தால், இரண்டாவது நகலை ஸ்டுடியோவிலேயே வைக்காமல் வேறொரு கட்டடத்தில் வைப்பதன் தேவையும் விளங்கும்.

உறவினர்கள் கைப்பேசியில் எடுத்துத் தரும் காட்சிகளுக்குத் தனிக் கவனம் வேண்டும். காமிரா ஒரு நொடிக்கு 25 ஃபிரேம் என்றால் கடைசிவரை 25-ஐயே எழுதும். பெரும்பாலான கைப்பேசிகளோ வெளிச்சத்துக்கும் வெப்பத்துக்கும் ஏற்ப அந்த எண்ணிக்கையை மாற்றிக்கொண்டே எழுதுகின்றன. அதை அப்படியே டைம்லைனில் வைத்தால், தொடக்கத்தில் பொருந்தியிருக்கும் உதட்டசைவும் பாட்டும் போகப்போக விலகலாம். ஹேண்ட்பிரேக் போன்ற இலவச மென்பொருளில் ‘கான்ஸ்டன்ட் ஃபிரேம் ரேட்’ தேர்ந்தெடுத்து மாற்றிய பிறகே இம்போர்ட் செய்ய வேண்டும். எச்.265 என்ற சுருக்க முறையில் பதிவான கோப்புகள் பழைய கணினியில் திக்கித் திணறினால் கோப்பு பழுது என்று முடிவுகட்ட வேண்டாம்; பிராக்ஸி (தொகுக்க எளிதான, தரம் குறைந்த தற்காலிக நகல்) உருவாக்கித் தொகுத்தால் போதும்.

ஆவணியிலும் தை மாதத்திலும் முகூர்த்தங்கள் அடுத்தடுத்து வரும்போதுதான் கார்டை அழிக்கும் அவசரம் எழுகிறது. இரண்டு நகல்களும் சரிபார்க்கப்பட்டு, ஒவ்வொரு கார்டின் முதல், நடு, கடைசிக் காட்சிகளை ஓடவிட்டுப் பார்த்த பிறகே, அதுவும் கணினியில் செய்யாமல் எந்தக் காமிராவில் பயன்படுத்தப் போகிறோமோ அந்தக் காமிராவிலேயே, கார்டை ஃபார்மட் செய்ய வேண்டும். தவறுதலாக அழித்துவிட்டால் உடனே கார்டைக் கழற்றி, அதன் பக்கவாட்டிலுள்ள பூட்டை நகர்த்திவிட்டு, ஃபோட்டோரெக் போன்ற மீட்பு மென்பொருளை முயன்று பார்க்கலாம். நீளமான வீடியோக்கள் முழுமையாகக் கிடைக்கும் என்ற உறுதி இல்லாவிட்டாலும் வாய்ப்பு இருக்கிறது. அதே கார்டில் மறுநாள் வேறொரு திருமணத்தைப் பதிவு செய்துவிட்டால், புதிய காட்சிகள் எழுதப்பட்ட இடத்தில் இருந்த பழைய காட்சிகளை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது.