வாக்குனாவோ: தமிழில் ‘குத்தசைவு’

சல்சா நடனத்துக்குள் ரும்பா என்ற கியூப ஆட்டத்தைச் சேர்த்துச் சொல்லித்தரும் வகுப்புகளில் அடிக்கடி காதில் விழும் கியூபச் சொல் இது. ‘இடுப்பாட்டம்’ என்று பொருள் சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். அது தவறு. ஆட்டத்தின் நடுவே ஒரு நொடியில் தொடங்கி முடிந்துவிடும் ஓர் அசைவுக்குத்தான் வாக்குனாவோ என்று பெயர்.

கியூபாவின் ஹவானா, மத்தான்சாஸ் பகுதிகளில் வளர்ந்த ரும்பாவில் யாம்பு, குவாகுவாங்கோ, கொலும்பியா என மூன்று வகை உண்டு. குவாகுவாங்கோ ஆணும் பெண்ணும் ஆடுவது. சேவல் பெட்டையைச் சுற்றுவதுபோல் ஆண் சுற்றிவருவான். இடம் கிடைத்ததும் இடுப்பை வெட்டி முன்தள்ளுவான். அல்லது கையை வீசுவான், காலை நீட்டுவான், கைக்குட்டையைச் சுண்டுவான். இதுதான் வாக்குனாவோ. அவள் கையாலோ பாவாடை முனையாலோ சட்டென மறைத்து இடுப்பைத் திருப்பிக்கொள்வாள். அந்த மறைப்புக்குப் ‘போத்தாவோ’ என்று பெயர். உடல் உடலைத் தொடுவதில்லை. யாம்புவில் இந்த அசைவே கிடையாது. ‘யாம்புவில் குத்துவதில்லை’ என்று பாடகர்களே பாட்டுக்குள் சொல்வார்கள்.

சொல்லின் வேர் பசு. இலத்தீனிலும் ஸ்பானியத்திலும் ‘வாக்கா’ என்றால் பசு. ஆங்கில மருத்துவர் ஜென்னர் மாட்டம்மையிலிருந்து பெரியம்மைக்குத் தடுப்பு கண்டபின் அந்த மருந்து ‘வாக்குனா’ ஆனது; குத்துவது ‘வாக்குனார்’, குத்தப்பட்டது ‘வாக்குனாதோ’. கியூபப் பேச்சில் கடைசித் தகரம் நழுவி ‘வாக்குனாவோ’ என நிற்கிறது. அந்த அம்மைகுத்தலை ஹவானாவில் 1804-இல் தொடங்கிவைத்தவர் தோமாஸ் ரோமாய் என்ற மருத்துவர். அசைவோ கொங்கோ வழிவந்தவர்களின் யூக்கா ஆட்டத்திலிருந்து வருவது. ஊசியின் பெயர் அதன்மேல் பின்னால் ஒட்டியது. அதில் நோய்த்தடுப்பு என்ற பொருள் துளியும் இல்லை. எதிர்பாராத நேரத்தில் ‘சுருக்’ என்று இறங்கும் குத்து மட்டுமே உண்டு.

தமிழில் என்ன சொல்வது? ‘சீண்டல்’ கூடவே கூடாது. இன்று அது குற்றத்தின் பெயர். இதுவோ இருவரும் ஒப்பி ஆடும் விளையாட்டு. வெறும் ‘குத்து’ என்றால் குத்துப்பாட்டு நினைவுக்கு வரும். ஆனால் தடுப்பூசி என்ற சொல் பரவுமுன் நம் ஊர்களில் ‘அம்மை குத்துதல்’ என்றுதான் வழங்கினார்கள். கியூபச் சொல்லுக்கு இதைவிட நெருங்கிய உறவு வேறில்லை. ஆகவே ‘குத்தசைவு’ என்பதே பொருத்தம், போத்தாவோவுக்குக் ‘காப்பசைவு’. ஸ்பானியப் பேச்சில் வகரம் பகரமாக ஒலிக்கும் என்றாலும், எழுதும்போது வகரமே குழப்பம் தராது.

சல்சாவில் இதை எங்கே வைப்பது என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். இணையின் கையை விட்டு, ஒன்றரைக் கை தூரம் விலகிய பிறகே குத்தசைவுக்கு இடம். பிடியில் இருக்கும்போது செய்தால் அவளுக்கு மறைக்கக் கையும் இல்லை, திரும்ப வழியும் இல்லை. விளையாட்டு அங்கேயே செத்துவிடுகிறது. முழங்காலைத் தளர்த்தி, மேலுடலைச் சற்று முன்சாய்த்து நில்லுங்கள். எட்டு வரை எண்ணும் தாளத்தில் 1-இல் வலக்கால் பக்கவாட்டில் போய் 3-இல் சேரும். 5-இல் இடக்கால் போய் 7-இல் சேரும். சல்சாவின் நிமிர்ந்த முதுகோடு இதை ஆடினால் இடுப்பு மட்டும் தனியாகத் துருத்திக்கொண்டு தெரியும்.

அடுத்தது கிளாவே, அதாவது பாட்டு முழுதும் திரும்பத் திரும்ப வரும் ஐந்து தட்டுத் தாளக்கட்டு. எட்டு எண்ணிக்கையில், சோன் என்ற கியூப இசையின் கிளாவே 1, 2½, 4, 6, 7 என்று விழும். ரும்பா கிளாவேயில் மூன்றாம் தட்டு மட்டும் அரை எண் தள்ளி 4½-இல் விழும். 1-இல் தொடங்கி ஆடுகிறவரின் கால் 4-இல் ஓய்ந்திருக்கும். அந்த ஓய்வுக்குள் வருகிற தட்டு இது. பழகும்போது குத்தசைவை அங்கே வையுங்கள். கைவந்தபின் எண்ணுவதை விட்டுவிட்டு, உச்சக்குரல் பறையான கிந்தோவின் வெட்டைப் பிடியுங்கள். ரும்பா ஆட்டத்தில் கிந்தோ வாசிப்பவர் ஆடுகிறவரைப் பார்த்துத்தான் அடிக்கிறார். சல்சாவில் பெரும்பாலும் சோன் கிளாவேதான் ஓடும் என்பதால், பாட்டு குவாகுவாங்கோவுக்கு மாறியதா என்று முதலில் கேளுங்கள்.

ஒவ்வோர் எட்டுக்கும் ஒரு குத்து போடுவதுதான் மிகப் பெரிய பிழை. அடுத்தது எப்போது வரும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டால் காப்பசைவுக்கு வேலையே இல்லை. மூன்று நான்கு எட்டுகள் சுற்றுங்கள், வேறெங்கோ பாருங்கள், ஒரே ஒரு முறை எறியுங்கள். அவள் மறைத்துவிட்டால் விலகி மறுபடி சுற்றத் தொடங்குங்கள். பார்வையைத் திருப்பிக்கொண்டால் கைகொடுத்துச் சல்சா அடிக்குத் திரும்புங்கள்.