பாசிசம் எந்தப் பக்கம், சோசலிசம் எந்தப் பக்கம்?

1921 ஜூன் 21. ரோமில் இத்தாலிய நாடாளுமன்றத்தில் பாசிச இயக்கத்தின் தலைவர் பெனிட்டோ முசோலினி தன் முதல் உரைக்கு எழுந்தார். தீவிர வலதுசாரிகளின் இருக்கைகளிலிருந்து பேச்சைத் தொடங்குவதில் தனக்கு வருத்தமில்லை என்றுதான் ஆரம்பித்தார். 1914 வரை இதே ஆள் சோசலிஸ்ட் கட்சியின் நாளேடான ‘அவந்தி’யின் ஆசிரியர். முதல் உலகப்போரில் இத்தாலி இறங்கியே ஆகவேண்டும் என்று வாதாடியதால் கட்சி அவரை வெளியேற்றியது.

இந்தப் பழைய உறவைக் காட்டித்தான் இன்றும் பலர் வாதாடுகிறார்கள்: பாசிசம் சோசலிசத்தின் பிள்ளை, இரண்டுமே அரசை எல்லாவற்றுக்கும் மேலே வைப்பவை, ஆகவே இரண்டும் இடதுசாரிதான். இன்னொரு தரப்பு, இடது ஓரமும் வலது ஓரமும் வளைந்து வந்து சந்திக்கும் என்கிறது. முதல் வாதம் தவறு. இரண்டாவதில் பாதி உண்மை இருக்கிறது. ஏன் என்று புரிய, இந்த இடது வலது அளவுகோல் எதை அளக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

1789 செப்டம்பரில் வெர்சாயில் கூடிய பிரெஞ்சு தேசியப் பேரவையில், சட்டங்களைத் தடுக்கும் அதிகாரம் மன்னருக்கு எவ்வளவு என்பது பெரும் விவாதமானது. மன்னர் பக்கம் நின்றவர்கள் அவைத்தலைவருக்கு வலப்புறம், எதிர்த்தவர்கள் இடப்புறம். அரசாங்கம் பெரிதா சிறிதா என்பதல்ல அங்கே கேள்வி. பிறப்பால் வந்த மேல் கீழ் அடுக்கு நிலைக்க வேண்டுமா, கலைய வேண்டுமா என்பதுதான்.

இப்போது ஆய்வாளர்கள் இதை எப்படி அளக்கிறார்கள்? ஆயிரம் பேரிடம் ஐம்பது கேள்வி கேட்டால் பதில்கள் கன்னாபின்னாவென்று சிதறுவதில்லை. சொத்துவரியைப் பற்றி ஒருவர் சொல்வதை வைத்து, வேலைநிறுத்த உரிமை பற்றி அவர் என்ன சொல்வார் என்று ஓரளவு ஊகித்துவிடலாம். இப்படிச் சேர்ந்து நகரும் பதில்களைக் கணக்குப்போட்டு ஒரே கோட்டில் சுருக்குவதற்குக் காரணிப் பகுப்பாய்வு என்று பெயர். மேற்கத்திய மக்களாட்சி நாடுகளில் முதலில் தெரியவரும் கோட்டின் மையம் பெரும்பாலும் சமத்துவம்தான். மனிதர்களுக்கு இடையிலான ஏற்றத்தாழ்வைக் குறைக்க வேண்டும் என்பவர்கள் ஒரு முனை, அது இயற்கையானது, பயனுள்ளது என்பவர்கள் மறுமுனை. ஆனால் இந்த ஒரு கோட்டில் எல்லாம் அடங்காது. 1950களில் லண்டனில் உளவியலாளர் ஹான்ஸ் ஐசென்க் இரண்டு அச்சுகள் தேவை என்றார். கம்யூனிஸ்டுகளும் பாசிஸ்டுகளும் முதல் அச்சில் எதிரெதிரே நின்றார்கள், இரண்டாவதில் ஒரே முனையில் நின்றார்கள் என்பது அவர் முடிவு. அவர் கணக்குப்போட்ட விதத்தைச் சக ஆய்வாளர்கள் கடுமையாகக் கேள்வி கேட்டார்கள். ஆனாலும் அதிகாரத்துக்கென்று தனி அச்சு வேண்டும் என்ற எண்ணம் நிலைத்துவிட்டது.

சென்னையும் பெங்களூரும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில்தான் இருக்கின்றன. அதை மட்டும் பார்த்து இரண்டும் ஒரே ஊர் என்று சொல்ல முடியுமா? நடுவே கிட்டத்தட்ட 300 கிலோமீட்டர் கிடக்கிறது. அதுபோல, அதிகார அச்சில் ஒரே இடத்தில் நிற்பதால் மட்டும் இரண்டு கொள்கைகள் ஒன்றாகிவிடாது.

சரி, சமத்துவத்தை அளக்கும் முதல் அச்சில் பாசிசத்தின் இடம் எது? முசோலினி 1919 மார்ச்சில் மிலானில் இயக்கத்தைத் தொடங்கியபோது நிலைமை குழப்பமாகத்தான் இருந்தது. அந்த ஆண்டு வெளியான செயல்திட்டத்தில் பெண்களுக்கு வாக்குரிமை, எட்டு மணி நேர வேலை, மூலதனத்தின் மேல் கடும் வரி எல்லாம் உண்டு. நவம்பர் தேர்தலில் ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. சோசலிஸ்டுகள் 156 இடங்களோடு முதலிடம் பிடித்தார்கள்.

இயக்கத்துக்கு உயிர் வந்தது போ நதிச் சமவெளியில். அங்கே விவசாயக் கூலிகளின் சோசலிஸ்ட் சங்கங்கள் வலுவாக இருந்தன. யாரை வேலைக்கு எடுப்பது, எத்தனை பேரை எடுப்பது என்பதைப் பண்ணையார் தன் விருப்பத்துக்கு முடிவு செய்ய முடியாது, சங்கத்தின் வழியாகத்தான் ஆள் எடுக்க வேண்டும். 1920 கடைசியிலிருந்து பாசிஸ்ட் குழுக்கள் லாரிகளில் வந்து இறங்கின. தொழிலாளர் சங்கக் கட்டடங்களைக் கொளுத்தின, சங்கத் தலைவர்களைப் பிடித்து அடித்து விளக்கெண்ணெயை வாயில் ஊற்றின. பணம் கொடுத்தவர்களில் அந்தப் பண்ணையார்கள் முக்கியமானவர்கள். சங்கம் உடைந்த ஊர்களில் கூலிகளைப் பாசிஸ்ட் சங்கத்தில் சேர்த்தார்கள், கூலியும் இறங்கியது. 1919 செயல்திட்டத்தை விட, இந்த லாரிகள் யார் வீட்டு வாசலில் போய் நின்றன என்பதையே நான் பெரிய சான்றாக எடுத்துக்கொள்வேன்.

ஆட்சிக்கு வந்தபிறகு நடந்ததும் அதே திசைதான். 1924இல் சோசலிஸ்ட் உறுப்பினர் ஜியாகோமோ மத்தேயோத்தி கடத்திக் கொல்லப்பட்டார். 1926இல் வேலைநிறுத்தம் சட்டப்படி குற்றமானது. 1932இல் இத்தாலியக் கலைக்களஞ்சியத்தில் முசோலினி பெயரில் வந்த கட்டுரை, மனிதர்களுக்கு இடையிலான ஏற்றத்தாழ்வு மாற்ற முடியாதது, நன்மை தருவது என்கிறது. இந்த நூற்றாண்டு வலதுசாரி நூற்றாண்டு, பாசிச நூற்றாண்டு என்றும் அதில் இருக்கிறது.

1933க்குப் பிறகு ஐஆர்ஐ என்ற அரசு நிறுவனம் நொடித்துப்போன வங்கிகளையும் ஆலைகளையும் எடுத்துக்கொண்டதே, அது சோசலிசம் இல்லையா? பிரிட்டனில் அட்லியின் தொழிற்கட்சி அரசும் 1947இல் நிலக்கரிச் சுரங்கங்களை நாட்டுடைமையாக்கியது. ஆனால் அங்கே சுரங்கத் தொழிலாளர் சங்கம் பல காலமாகக் கேட்ட கோரிக்கை நிறைவேறியது. இத்தாலியிலோ சுதந்திரமான சங்கம் என்று ஒன்றே மிச்சமில்லை. அரசு எவ்வளவு வைத்திருக்கிறது என்பது ஒரு தகவல், யாருக்காக வைத்திருக்கிறது என்பது வேறு தகவல்.

ஜெர்மனியில் ஹிட்லர் கட்சியின் பெயரிலேயே சோசலிஸ்ட் இருந்தது உண்மை. கட்சியின் 1920 செயல்திட்டத்தின் 17ஆவது அம்சம் இழப்பீடு இல்லாமல் நிலம் எடுப்பதைப் பற்றியது. நிலவுடைமையாளர்கள் பயந்தபோது, கட்சி தனிச்சொத்தை ஏற்கிறது, இது முதன்மையாக யூத நில வணிக நிறுவனங்களுக்கு எதிரானது என்று 1928இல் ஹிட்லர் விளக்கம் கொடுத்தார். 1933 மே 2 அன்று தொழிற்சங்க அலுவலகங்கள் நாடெங்கும் கைப்பற்றப்பட்டன. கட்சிக்குள் சோசலிசம் பேசிய கிரேகோர் ஸ்ட்ராஸர் 1934இல் சுட்டுக்கொல்லப்பட்டார்.

அப்புறம் ஸ்டாலின். சோவியத் நாட்டிலும் சுதந்திரமான சங்கம் இல்லை, எதிர்க்கட்சி இல்லை, லட்சக்கணக்கானோர் முகாம்களில் அடைபட்டார்கள். அதிகார அச்சில் அவரும் ஹிட்லரும் பக்கத்துப் பக்கத்தில்தான். இடப்பக்கம் இருப்பது யாருக்கும் நற்சான்றிதழ் ஆகாது. நிலக்கிழார், முதலாளி என்ற வர்க்கத்தையே ஒழித்த கொள்கை என்பதால் முதல் அச்சில் அவர் இடப்பக்கம் வருகிறார், அவ்வளவுதான்.

ஆனால் சோசலிசம் அந்த ஒரு மூலையோடு நின்றுவிடவில்லை. ஹிட்லருக்கு எல்லா அதிகாரமும் தரும் சட்டம் 1933 மார்ச் 23 அன்று வாக்கெடுப்புக்கு வந்தபோது, கம்யூனிஸ்ட் உறுப்பினர்கள் சிறையிலோ தலைமறைவாகவோ இருந்தார்கள். அவைக்கு வந்திருந்த 94 சமூக ஜனநாயகக் கட்சியினரும் எதிர்த்தே வாக்களித்தார்கள், வேறு யாரும் எதிர்க்கவில்லை. அட்லி 1951 தேர்தலில் தோற்றதும் பதவியை விட்டு இறங்கினார். அதிகார அச்சில் அடக்குமுறை மிகுந்த மேல்முனையிலிருந்து மக்களாட்சியின் கீழ்முனை வரை எங்கும் சோசலிஸ்டுகளைப் பார்க்கலாம். அதே அச்சின் கீழ்ப்பாதியில், தேர்தலில் தோற்று ஆட்சியை ஒப்படைத்த பாசிச அரசு என்று ஒன்றுகூடக் கிடையாது.