வாய்க்குள் போன இரை வெளியே வருவது ஏன்?

தூண்டில் கம்பில் ஒரு அதிர்வு. ஓங்கி இழுத்தால் ரப்பர் மீன் மட்டும், சில நேரம் வாலும் இல்லாமல், கைக்கு வருகிறது. அமெரிக்க ஏரிகளில் பெருவாய் பாஸ் மீன் பிடிப்பவர்கள் ‘ஸ்விம்பெய்ட்’ எனும் மென்பிளாஸ்டிக் மீனைப் பற்றிச் சொல்லும் பெரிய குறை இது. தாமதமாக இழுத்ததால்தான் தப்பியது என்று பலரும் அடுத்த முறை இன்னும் அவசரப்படுகிறார்கள். அந்த அவசரம்தான் பெரும்பாலும் காரியத்தைக் கெடுக்கிறது.

பாஸ் இரையைக் கடித்துப் பிடிப்பதில்லை. பாய்ந்து நெருங்கி, உறிஞ்சிக்கொள்கிறது. வாயைத் திறந்த கையோடு கன்னங்களையும் செவுள் மூடிகளையும் விரிக்கும். உள்ளே அழுத்தம் சரிய, எதிரில் இருக்கும் தண்ணீர் இரையையும் வாரிக்கொண்டு பாயும். பிறகு தண்ணீர் மட்டும் செவுள் வழியே வெளியேறும். நாம் இமைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். ஆனால் இந்த உறிஞ்சல் எட்டும் தூரம் அற்பம். பாஸின் உறவினமான புளூகில் மீனில், வாய் திறந்திருக்கும் அகலத்தின் அளவு தள்ளிப்போனாலே நீரோட்டத்தின் வேகம் வாயருகே இருப்பதில் சுமார் 5 சதவீதமாகிவிடுகிறது.

ஆகவே இரை அந்தத் தண்ணீரோடு சேர்ந்து உள்ளே போக வேண்டும். விறைப்பான கம்பு, கிட்டத்தட்ட நீளவே நீளாத பின்னல் தூண்டில் நரம்பு இரண்டும் சேர்ந்தால், பின்னாலிருந்து வரும் பாஸின் வாய்க்கு வால் மட்டுமே கிடைக்கும். நுனி இளகிய, கண்ணாடியிழை கலந்த கம்பு அந்தக் கணத்தில் சற்று விட்டுக்கொடுக்கிறது. நைலான் நரம்பு நீள்வதும் உதவுகிறது. விலை உயர்ந்த விறைப்பான கம்பு இந்த வேலைக்குத் தோற்றுப்போவதைப் பார்க்க எனக்கு ஒரு அற்பத் திருப்தி.

‘டக் டக்’ என்ற சிறு தட்டல்களுக்கு இழுக்கவே கூடாது. பெரும்பாலும் அது வாலைக் கொறிக்கும் புளூகில்தான். பின்னால் பாஸ் வந்துகொண்டிருந்தால், நாமே அதன் இரையைப் பறித்துவிடுகிறோம். கனம் கூடும்வரை, அல்லது நரம்பு திடீரெனத் தளரும்வரை, ஒரே வேகத்தில் சுற்றிக்கொண்டே இருப்பது நல்லது.

தவறவிட்ட ரப்பர் மீனைக் கையில் எடுத்துப் பாருங்கள். பாஸின் பற்கள் உப்புத்தாள் போலச் சொரசொரப்பானவை. மென்பிளாஸ்டிக்கில் மெல்லிய கீறல்களை விட்டுச்செல்லும். கீறல் வாலோடு நின்றிருந்தால் இரை உள்ளே போகவில்லை. தலைவரை இருந்தால் முழுதாக விழுங்கியிருக்கிறது, தூண்டில் முள்தான் வேலை செய்யவில்லை.

முள் தவறுவதற்குக் காரணம் பெரும்பாலும் பிளாஸ்டிக்கே. களையில் சிக்காதிருக்க முள்ளின் கூர்முனையை ரப்பர் மீனின் தோலுக்கடியில் மறைக்கிறோம். வாய் அழுத்தும்போது உடல் நசுங்கிக் கூர் வெளிவர வேண்டும். முள்ளின் வளைவுக்குள் தடித்த உடல் அடைத்துக்கொண்டால் அதற்கு இடமே இல்லை. அகன்ற வளைவுள்ள முள்ளும், வயிற்றில் பிளவுள்ள ரப்பர் மீனும் இதைத் தீர்க்கின்றன. முள்ளின் கூர்முனையை நகத்தில் லேசாக வைத்து இழுத்துப் பாருங்கள், வழுக்கினால் மாற்றிவிடுங்கள்.

அடுத்தது விசை. 7 அடிக் கம்பின் அடி முழங்கைக்கருகே ஊன்றியிருக்க, ஓரடி மேலே கை பிடித்தால், நெம்புகோல் கணக்குப்படி நுனிக்குப் போவது கைவிசையில் ஏழில் ஒரு பங்குதான். கம்பு வளைய வளைய அந்த நெம்புகோல் குட்டையாகி, நரம்பில் விசை கூடும். அதனால்தான் வெட்டி இழுப்பதைவிட, கம்பு வளையும்வரை சுற்றிவிட்டுப் பக்கவாட்டில் நீளமாக இழுப்பது மேல். அப்படி இழுக்கும்போது முள் வாயின் ஓரத்தை நோக்கி நகர்ந்து அங்கே நன்றாகப் பதியவும் வாய்ப்பு அதிகம்.

கலிபோர்னியாவின் கஸ்டெய்க், கசீடஸ் போன்ற நீர்த்தேக்கங்களில் விடப்பட்ட டிரவுட் மீன்களைத் தின்று பாஸ் பருத்தது. அங்கே 8 அங்குல டிரவுட் வடிவ ரப்பர் மீன்கள் பெயர்பெற்றன. இவ்வளவு நீளத்துக்குத் தலையருகே ஒரே முள் போதாது. வயிற்றில் மும்முள், அதாவது மூன்று கூர்கள் உள்ள முள், வைக்கிறார்கள். நரம்பு ரப்பர் மீனின் உடலினூடே ஓடி நேராக மும்முள்ளில் முடிவதும் உண்டு. பாஸ் துள்ளித் தலையை உதறும்போது, கனமான ரப்பர் மீன் நரம்பில் மேலே நழுவிவிடும். அதன் எடையைக் கொண்டு முள்ளை நெம்பி எறிய மீனுக்கு வழியில்லை.