நாலு துண்டுக் கம்பும் நுனியின் எடையும்

பாம்பன், மண்டபம், தொண்டி கரைகளில் கைத்தூண்டில் போட்டு வளர்ந்த பிள்ளைகள் இப்போது ரீல் பூட்டிய ராடோடு நிற்பதைப் பார்க்க முடிகிறது. அவர்களில் சிலருக்கு அடுத்த ஆசை மலைமேல். நீலகிரியில் அவலாஞ்சிப் பக்கத்து நீர்நிலைகளிலும், காஷ்மீர், இமாசல ஆறுகளிலும் இருக்கும் டிரவுட் மீனை ஃபிளை ராடு (பூச்சி மாதிரி கட்டிய இரையை எறியும் கம்பு) கொண்டு பிடிக்கவேண்டும் என்கிறார்கள். ராமநாதபுரத்தில் பஸ் ஏறி மதுரை, அங்கிருந்து இன்னொரு பஸ், அப்புறம் மலைப்பாதையில் நடை. ஒன்பது அடிக் கம்பை முழுசாகத் தூக்கிக்கொண்டு இந்த வழியில் போக முடியாது. பைக்குள் அடங்கவேண்டும், எடையும் குறைவாக இருக்கவேண்டும். கடையில் பார்த்தால் ஒரு ராடில் 80 கிராம், இன்னொன்றில் 95 கிராம் என்று போட்டிருக்கும். குறைந்த எண்ணைப் பார்த்து எடுத்துவிடத் தோன்றும். அந்த எண்ணை மட்டும் நம்பி வாங்கவே கூடாது என்பேன். எடை எவ்வளவு என்பதைவிட அது கம்பின் எந்த இடத்தில் இருக்கிறது என்பதுதான் முக்கியம்.

முதலில் மீனைப் பற்றிக் கொஞ்சம். டிரவுட்டுக்குச் சூடான தண்ணீர் ஆகாது. 10 முதல் 16 டிகிரி வரை இருந்தால் சுகமாக இருக்கும். 20-ஐத் தாண்டினால் திணறத் தொடங்கிவிடும். குளிர்ந்த தண்ணீரில் ஆக்சிஜன் அதிகம் கரைகிறது என்பது இதற்கு ஒரு காரணம். 10 டிகிரி நன்னீரில் லிட்டருக்குச் சுமார் 11 மில்லிகிராம் கரையும். 30 டிகிரியில் ஏழரைதான். நம்முடைய கண்மாய் கெளுத்தி வாழும் தண்ணீரில் இந்த மீனுக்கு மூச்சு முட்டும். ஓடையில் அது தின்பதில் பெரும்பங்கு தண்ணீரில் வளர்ந்து மேலே வரும் சின்னப் பூச்சிகள். அதனால் இரையும் பூச்சி மாதிரிதான் இருக்கவேண்டும்: சின்னத் தூண்டில் முள்ளில் நூலும் இறகும் சுற்றிக் கட்டியது. அதன் எடை ஒரு கிராம்கூட வராது.

இங்கேதான் கைத்தூண்டில் பழக்கம் உதவாமல் போகிறது. கைத்தூண்டிலில் ஈயம் பறக்கும், தூண்டில் நரம்பு அதன் பின்னால் போகும். இறகு முள்ளைச் சுழற்றி எறிந்தால் காலடியிலேயே விழும். ஆகவே ஃபிளை முறையில் எடையை நரம்பிலேயே வைத்துவிட்டார்கள். பிளாஸ்டிக் பூச்சு பூசிய தடித்த நரம்பு அது. முதல் 30 அடிக்கு எவ்வளவு எடை என்பதை வைத்து அதற்கு எண் கொடுக்கிறார்கள். 4-ஆம் எண் என்றால் சுமார் 7.8 கிராம், 5 என்றால் 9.1, 8 என்றால் 13.6. ராடின்மேல் எழுதியிருக்கும் எண் இதைத்தான் குறிக்கிறது. ராடின் சொந்த எடைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

கையை முன்னால் வேகமாகக் கொண்டுவந்து சட்டென்று நிறுத்தும்போது கம்பு வளைந்து நிமிர்கிறது. நரம்பு ஒரு மடிப்பாக உருண்டு முன்னால் ஓடுகிறது. மடிப்பின் மேல்பாதி மட்டும் நகர, கீழ்ப்பாதி ஏறக்குறைய நின்றுவிடுகிறது. நகரும் நீளம் குறையக் குறைய மிச்சமிருக்கும் ஆற்றல் அந்தச் சின்ன நீளத்துக்குள் சேர்கிறது. அதனால்தான் கடைசி முழம்வரை நரம்பு விரிந்து, பூச்சி பூப்போலத் தண்ணீரில் இறங்குகிறது. எறிந்தவர் கையை நிறுத்திய பிறகு கம்பின் நுனி மேலும் கீழும் ஆடினால் அந்த ஆட்டம் முழுக்க நரம்பில் அலையாக ஓடி மடிப்பைக் கெடுக்கும். ஆக, நல்ல ராடு என்பது நுனி சீக்கிரம் அடங்குகிற ராடு.

நுனி சீக்கிரம் அடங்க அது லேசாக இருக்கவேண்டும். எவ்வளவு லேசாக என்பதற்குக் கணக்கு உண்டு. ஒரு பொருளைச் சுழற்றும்போது கை உணரும் பாரம், அதன் எடையோடு தூரத்தின் வர்க்கத்தைப் பெருக்கி வருவது. கைப்பிடியிலிருந்து 20 சென்டிமீட்டரில் ஒரு கிராம் இருந்தால் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். அதே ஒரு கிராமை 2 மீட்டருக்குத் தள்ளி வைத்தால் தூரம் பத்து மடங்கு, பாரம் நூறு மடங்கு. வள்ளம் தள்ளும் நீளக் கழியை நடுவில் பிடித்துத் திருப்புவதற்கும் ஒரு முனையைப் பிடித்துத் திருப்புவதற்கும் உள்ள வித்தியாசத்தை நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. தராசில் 80 கிராம் காட்டும் ராடு நுனி கனத்திருந்தால் சாயங்காலத்துக்குள் மணிக்கட்டை வலிக்க வைத்துவிடும். அடிப்பக்கம் கனத்த 95 கிராம் ராடு நாள் முழுக்கக் கையில் இருப்பதே தெரியாது.

இப்போது துண்டுகளுக்கு வருவோம். "ஏம்ப்பா, நாலா வெட்டி வச்ச கம்பு மீனைத் தாங்குமா?" என்று கரையில் பெரியவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஒரு காலத்தில் இது தாங்கியும் தாங்காததுமாகத்தான் இருந்தது. மூங்கிலை முக்கோணச் சீவல்களாக அறுத்து, ஆறு சீவலை ஒட்டிச் செய்த ராடுகளில் மூட்டு உலோகக் குழாய். உலோகம் வளையாது, மூட்டுக்கு இரண்டு பக்கமும் கம்பு வளைய, நடுவில் ஒரு விறைத்த துண்டு நிற்கும். கூடுதல் எடை வேறு. அதனால் மூட்டு எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது என்றிருந்தது. பிறகு கண்ணாடி இழை வந்தது. 1960-களில் இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் விமான ஆராய்ச்சிக்காக வலுவான கார்பன் இழையை உருவாக்கினார்கள். 1973-இல் அமெரிக்காவின் ஃபென்விக் நிறுவனம் கார்பன் ராடை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கார்பன் இழை கண்ணாடி இழையைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு விறைப்பு, எடையோ மூன்றில் இரண்டு பங்குதான். அதே விறைப்புக்குச் சன்னமான, லேசான குழாய் போதும் என்றாகிவிட்டது.

அந்தக் குழாயைச் செய்யும் விதம் அழகானது. பிசின் ஊறிய கார்பன் துணியைச் சாய்வாக வெட்டி, கூம்பிய எஃகுக் கம்பியின்மேல் சுருட்டுவார்கள். மேலே பிளாஸ்டிக் நாடாவை இறுக்கிச் சுற்றி அடுப்பில் வேகவைப்பார்கள். கெட்டியானதும் எஃகுக் கம்பியை உருவிவிடுவார்கள். சில ராடுகளை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் நெருக்கமான சுருள் வரிகள் தெரியும். நாடா விட்டுப்போன தடம் அது. தேய்த்து மழமழப்பாக்காமல் விட்டிருக்கிறார்கள், குறை ஒன்றுமில்லை.

மூட்டில், மேல் துண்டின் அடிவாய் கீழ்த் துண்டின் தலைமேல் உறைபோல ஏறுகிறது. இரண்டும் கார்பன் என்பதால் சேர்ந்தே வளைகின்றன. ஆனால் குழாயின் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. குழாய் மொத்தமாக 10 சதவீதம் பருத்தால் விறைப்பு ஏறக்குறைய 46 சதவீதம் கூடிவிடும். ஒன்றின்மேல் ஒன்று ஏறும் இடத்தில் சுவரும் இரட்டிப்பாகிறது. அதனால் மூட்டின் வாயைப் படிப்படியாக மெலிதாக்கி, பிளக்காமல் இருக்க நூல் சுற்றிப் பிசின் பூசுகிறார்கள். மலிவான ராடில் இந்த வேலையைத்தான் முதலில் விட்டுவிடுவார்கள்.

இந்த இரண்டு கணக்கையும் சேர்த்துப் பார்த்தால் எத்தனை துண்டு என்பதற்கு விடை கிடைக்கிறது. கைப்பிடிக்கு அருகில் இருக்கும் மூட்டு ஏறக்குறைய இலவசம். நுனிக்கு அருகில் இருப்பது விலை அதிகம். ஒன்பது அடி ராடை நாலு துண்டாக்கினால் ஒவ்வொன்றும் 70 சென்டிமீட்டரை ஒட்டி வரும். மூன்று மூட்டில் ஒன்றுதான் நுனிப்பக்கம். ஏழு துண்டாக்கினால் நாற்பது சொச்சம் சென்டிமீட்டரில் தோள்பைக்குள் ஒளிந்துகொள்ளும். ஆனால் மூட்டு ஆறு, நுனிப்பக்கமே இரண்டு. நன்றாகச் செய்த ஏழு துண்டு ராடுகள் இருக்கின்றன, விலையும் அப்படித்தான் இருக்கும். நடுத்தர விலைக்கு நாலு துண்டே சரி. பஸ்ஸில் மேல் தட்டிலும் ரயிலில் சீட்டுக்கு அடியிலும் தாராளமாக இடம் கிடைக்கும்.

ஒன்றுக்குள் ஒன்று இறங்கி மடங்கும் ராடு இன்னும் சிறிதாகும். ஜப்பானியர்களின் டென்காரா அந்த வகை. ரீல் கிடையாது, நுனியில் நேராக நரம்பைக் கட்டுவார்கள். கண்மாயில் மூங்கில் கம்பில் தூண்டில் போட்டவர்களுக்கு உடனே கைவரும். மலை ஓடைக்கு மிக நல்லது. நம் கரைக்கு வேண்டாம். தனுஷ்கோடி மணல் ஒரு சிட்டிகை உள்ளே போனாலும் துண்டுகள் ஒன்றோடொன்று கடித்துக்கொண்டு பிரியாது.

எந்த எண் என்றால், நீலகிரியின் புதர் மூடிய ஓடைக்கு ஏழரை அல்லது எட்டு அடி, 4-ஆம் எண் போதும். அணைத் தண்ணீருக்கும் இமயமலை ஆறுகளுக்கும் ஒன்பது அடி, 5. ஒரே ராடுதான் வாங்க முடியும் என்றால் இரண்டாவதையே வாங்கச் சொல்வேன், பழகுவதும் எளிது. போகுமுன் அங்கே தூண்டில் போட அனுமதி உண்டா என்று அந்த இடத்துக்குரிய அரசுத் துறையிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பழகுவதற்கு நம் கரை அருமையான இடம். ஆடிக் காற்றில் தென்கடல் (மன்னார் வளைகுடா) கொந்தளிக்கும்போது வடகடல் (பாக் விரிகுடா) அடங்கிக் கிடக்கும். மார்கழி வாடையில் அது தலைகீழ். அடங்கிய பக்கம் பார்த்து விடிகாலையில் நின்றால் 5-ஆம் எண்ணிலேயே முரல் மீனும் குட்டிப் பாறை மீனும் பிடிக்கலாம். காற்று எழுந்துவிட்டால் 8-க்குக் குறைந்த எதுவும் எதிர்த்துப் போகாது. மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்காவில் சேர்ந்த 21 தீவுகள் பக்கம் மட்டும் போய்விடக் கூடாது.

எறிந்துகொண்டிருக்கும்போது அவ்வப்போது மூட்டுகளை அமுக்கிப் பார்க்கவேண்டும். தளர்ந்த மூட்டில் விசை முழுவதும் வாயின் ஓரத்தில் விழுந்து குழாய் நீளவாக்கில் பிளக்கும். துண்டுகளைப் பூட்டுமுன் துடைத்துவிட்டால் மணல் கீறாது. வீட்டுக்குள் பூட்டி ஆட்டிப் பார்ப்பவர்கள் மின்விசிறியை நிறுத்திவிட்டுச் செய்யட்டும்.

உப்பு இன்னொரு விஷயம். இந்தக் கரையின் காற்று உலோகத்தை எப்படி அரிக்கும் என்பதற்காகவே காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகம் மண்டபத்தில் சோதனை நிலையம் வைத்திருக்கிறது. ராடில் கார்பனும் ரீல் பிடிக்கும் அலுமினியமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. இடையில் பசை இருக்கும்வரை பயமில்லை. அது விட்ட இடத்தில் உப்புநீர் புகுந்தால் இரண்டும் சேர்ந்து ஒரு மின்கலமாகிவிடும், கரைவது அலுமினியம். திருகின் ஓரத்தில் வெள்ளைப் பொடி பூத்தால் அதுதான். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, துண்டு துண்டாக நிழலில் உலர்த்திய பிறகே ராடு வைக்கும் குழலுக்குள் போடவேண்டும். ஈரத்தோடு மூடினால் பூச்சு கொப்புளிக்கும்.

கார்பன் மின்சாரத்தைக் கடத்தும் என்பதையும் வாங்குகிறவர் தெரிந்திருக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் இடிமுழக்கம் கேட்டால் கம்பைக் கீழே வைத்துவிட்டுக் கரையேறிவிட வேண்டும். கரையோரம் தாழப் போகும் மின்கம்பிக்கு அடியில் எந்த நாளிலும் இதைத் தூக்கக் கூடாது.