கிராஜுவிட்டி: பணிக்கொடை என்ற சொல்லும் அதன் கணக்கும்

காலாப்பட்டிலோ அண்ணாமலைநகரிலோ ஒரு பல்கலைக்கழக ஊழியர் ஓய்வு பெற்றால், பிரிவுபசார மாலை வாடுவதற்குள் அவரிடம் கேட்கப்படும் கேள்வி இது: "கிராஜுட்டி வந்துருச்சா சார்?" பென்ஷன் என்பது ஓய்வூதியமாகி நெடுநாளாகிறது. இன்சூரன்ஸ் என்பதும் காப்பீடாகப் பத்திரிகைகளிலும் படிவங்களிலும் ஊன்றிவிட்டது. ஓய்வின்போது மொத்தமாகத் தரும் தொகையான கிராஜுவிட்டி மட்டும் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது: ஆணையில் 'பணிக்கொடை' என்று அச்சாகிறது, வாயில் 'கிராஜுட்டி' என்றே புழங்குகிறது. இரண்டும் ஒன்றுதான் என்று தெரியாமல், "பணிக்கொடை வந்துவிட்டது, கிராஜுட்டி இன்னும் வரவில்லை" என்று அலுவலகப் படியேறுபவர்கள் உண்டு. அந்தக் குழப்பத்துக்காகவே சொல்லை வேரிலிருந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

ஆங்கிலச் சொல்லின் மூலம் இலத்தீன். 'கிராட்டஸ்' என்றால் மனத்துக்கு உகந்தது. 'கிராட்டியா' என்றால் அருள், தயவு, நன்றி. அதிலிருந்து 'கிராட்டுயிட்டஸ்', அதாவது விலையின்றிக் கொடுக்கப்பட்டது. இடைக்கால இலத்தீனும் பிரெஞ்சும் வழியாகப் பதினாறாம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தபோது இது 'மனமுவந்து தரும் பரிசு' என்ற பொருளோடுதான் வந்தது. உணவகத்தில் பரிமாறுபவருக்கு வைக்கும் டிப்ஸுக்கு ஆங்கிலத்தில் இன்றைக்கும் இதுவே பெயர். படையிலிருந்து விடுவிக்கப்படும் வீரனுக்குக் கையில் கொடுத்தனுப்பிய மொத்தத் தொகைக்கும் இந்தப் பெயர் வந்தது. அங்கிருந்து அரசு ஊழியருக்கும், பிறகு தொழிலாளருக்கும் பரவியது.

புதுச்சேரிக்காரர்களுக்கு இந்தச் சொல்லின் அக்காளைத் தெரியும். பிரெஞ்சில் 'க்ராத்துயி' என்றால் இலவசம். கண்காட்சி அறிவிப்பில் 'ஆந்த்ரே க்ராத்துயித்' என்று கண்டால் டிக்கெட் இல்லாமல் உள்ளே போகலாம். ஆனால் பிரெஞ்சுக்காரர்கள் ஓய்வின்போது தரும் மொத்தத் தொகைக்கு இந்த வேரைத் தொடவில்லை. அதை 'அந்தெம்னித்தே' என்கிறார்கள், ஈடுசெய்யும் தொகை என்று பொருள். பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வூதியம் வாங்கிய 'சொல்தா' குடும்பங்கள் உள்ள ஊரில் இந்த வேறுபாடு கவனிக்கத் தக்கது. முப்பது ஆண்டு உழைப்புக்குப் பின் வரும் பணத்துக்கு 'இலவசம்' என்ற வேர்ச்சொல்லை ஒட்டவைத்தது ஆங்கிலம்தான். பென்ஷனின் வேர் இவ்வளவு மோசமில்லை: இலத்தீனில் அது 'நிறுத்தல்', தராசில் எடைபோட்டுக் கொடுப்பது.

இப்போது தமிழுக்கு வருவோம். பணி + கொடை = பணிக்கொடை. பணிக்கான கொடை என்று விரியும். நான்காம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை, அதனால் வல்லினம் மிகும். 'பணிகொடை' என்று ஒற்றில்லாமல் தட்டச்சு செய்வது பிழை. 'சேவைக்கொடை' என்றும் சிலர் எழுதுகிறார்கள். பொருள் கெடாது, ஆனால் அரசாணைகளில் நிலைத்தது பணிக்கொடைதான்.

கொடை என்றதும் பாரியும் கோயில் கொடையும் நினைவுக்கு வருவதால், இதுவும் யாரோ மனமிரங்கித் தருவது என்று தோன்றுகிறது. தோன்ற வேண்டியதில்லை. தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில் ஈ, தா, கொடு என்ற மூன்றையும் கேட்கும் சொற்களாக வைத்து, யார் எதைச் சொல்லிக் கேட்பார் என்று பிரிக்கிறது. "ஈயென் கிளவி இழிந்தோன் கூற்றே", "தாவென் கிளவி ஒப்போன் கூற்றே", "கொடுவென் கிளவி உயர்ந்தோன் கூற்றே". தாழ்ந்து நிற்பவன் 'ஈ' என்பான், நிகரானவன் 'தா' என்பான், உயர்ந்து நிற்பவன் 'கொடு' என்பான். பணிக்கொடையில் இருப்பது அந்தக் 'கொடு'. ஆங்கிலச் சொல் கொடுப்பவரின் தயவைப் பேசுகிறது; தமிழ்ச் சொல்லின் வேரில் நிமிர்ந்து கேட்பவரின் குரல் இருக்கிறது. முன்னால் 'பணி' சேர்ந்திருப்பதால் எதற்காகக் கேட்கிறார் என்பதும் அதிலேயே சொல்லப்பட்டுவிடுகிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே கிராஜுவிட்டியைவிடப் பணிக்கொடை நல்ல சொல் என்பது நம் உறுதியான கருத்து.

சட்டமும் தமிழின் பக்கம்தான் நிற்கிறது. 1982 டிசம்பர் 17 அன்று டி.எஸ். நகாரா வழக்கில் உச்ச நீதிமன்றம், ஓய்வூதியம் அரசின் கருணையோ வெகுமதியோ அன்று எனத் தீர்ப்பளித்தது. அந்த நாளையே ஓய்வூதியர் நாளாகக் கொண்டாடுகிறோம். பின்னர் கேரள அரசுக்கும் பத்மநாபன் நாயருக்கும் இடையிலான வழக்கில் பணிக்கொடையையும் சேர்த்தே, இவை உரிமையும் சொத்தும் ஆகும், காரணமில்லாமல் தாமதித்தால் வட்டி தர வேண்டும் என்றது. அந்த வழக்கில் தாமதத்துக்குச் சொல்லப்பட்ட காரணங்கள் கடைசிச் சம்பளச் சான்று வரவில்லை, நிலுவையின்மைச் சான்று வரவில்லை என்பவை. இன்றைக்கும் கோப்பு நிற்கும் இடங்கள் அவையே. 2013இல் ஜார்க்கண்ட் வழக்கொன்றில், அரசமைப்பின் 300ஏ பிரிவு காக்கும் சொத்தில் பணிக்கொடையும் அடங்கும் என்றாயிற்று.

உண்மையிலேயே தயவில் தருவது ஒன்று உண்டு. 'எக்ஸ் கிரேஷியா' என்பது அது. அதே 'கிராட்டியா' வேர்தான், தமிழில் கருணைத் தொகை. அதைக் கேட்க உரிமை இல்லை, தந்தால் பெறலாம். கருணைத் தொகையையும் பணிக்கொடையையும் ஒரே மூச்சில் எழுதக் கூடாது.

கணக்குக்கு வருவோம். மத்திய அரசின் ஓய்வூதிய விதிகளில், முடிந்த ஒவ்வோர் அரையாண்டுக்கும் கால் மாத ஊதியம். ஊதியம் என்பது ஓய்வு நாளில் உள்ள அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் மட்டும். வீட்டு வாடகைப்படி சேராது. குறைந்தது 5 ஆண்டு தகுதிப் பணிக்காலம், அதாவது கணக்கில் சேரும் பணிக்காலம், வேண்டும். உச்சம் 16½ மாத ஊதியம், அதாவது 33 ஆண்டுக்குமேல் உழைத்தாலும் தொகை அதிகமாகாது. அரையாண்டு போக மிஞ்சுவது 3 மாதமோ அதற்குமேலோ இருந்தால் இன்னோர் அரையாண்டாகக் கொள்ளப்படும்.

அடிப்படைச் சம்பளம் 70,000, அகவிலைப்படி 50 விழுக்காடு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊதியம் 1,05,000, கால் பங்கு 26,250. பணிக்காலம் 27 ஆண்டு 4 மாதம் 10 நாள். 27 ஆண்டில் 54 அரையாண்டு, மிச்சம் 3 மாதத்துக்குமேல், ஆகவே 55. பெருக்கினால் 14,43,750 ரூபாய். இதே ஆளுக்குப் பதிவேட்டில் இரண்டு மாத விடுப்பு தகுதியற்ற காலம் என்று தவறாக ஏறியிருந்தால், பணிக்காலம் 27 ஆண்டு 2 மாதம் 10 நாளாகிவிடும். அரையாண்டு 54 ஆகும், 26,250 ரூபாய் போகும். ஒரு வரிப் பதிவின் விலை அது. மருத்துவச் சான்றில்லாமல் எடுத்த சம்பளமில்லா அசாதாரண விடுப்பு தகுதிப் பணிக்காலத்தில் சேராது. சான்று கொடுத்திருந்தும் அது பதிவாகாமல் போவதே வழக்கமான கோளாறு.

1972ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டத்தில் கணக்கு வேறு. மாத ஊதியத்தை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, முடிந்த ஆண்டுகளால் பெருக்க வேண்டும். ஆறு மாதத்துக்குமேல் மிஞ்சினால்தான் முழு ஆண்டு. மேலே சொன்ன ஆளுக்கு 27 ஆண்டு; 1,05,000 × 15 ÷ 26 × 27 = 16,35,577. இரண்டு கணக்குக்கும் ஏறத்தாழ 1.92 லட்சம் வித்தியாசம். மாதத்தை 30 நாளாக வகுக்காமல், வாராந்தர விடுமுறை போக 26 வேலை நாளாக வகுப்பதே இதற்கு முக்கியக் காரணம். ஆசிரியர்கள் இந்தச் சட்டத்துக்குள் வர மாட்டார்கள் என்று 2004இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2009இல் திருத்தம் வந்து, 1997 ஏப்ரல் 3 முதல் முன்தேதியிட்டு அவர்களும் சேர்க்கப்பட்டார்கள். 2025 நவம்பர் 21 முதல் இந்தச் சட்டத்தின் இடத்தில் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் இருப்பவர் ஓராண்டு முடித்தாலே விகிதப்படி பெறலாம் என்பது அதன் பெரிய மாற்றம்.

எந்தக் கணக்கு உங்களுக்கு? அதைப் பல்கலைக்கழகத்தின் நிலைச்சட்டமும் பணி விதிகளும் சொல்லும். நம் கடலோரத்தில் மட்டும் மூன்று வகை உண்டு. காலாப்பட்டில் இருக்கும் புதுவைப் பல்கலைக்கழகம் 1985இல் தொடங்கிய மத்தியப் பல்கலைக்கழகம். பிள்ளைச்சாவடியில் இருக்கும் புதுச்சேரித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், முந்தைய பொறியியல் கல்லூரி 2020இல் மாறி உருவான மாநிலப் பல்கலைக்கழகம். சிதம்பரத்தில் 1929இல் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தால் தமிழ்நாடு அரசின் கட்டுப்பாட்டுக்கு வந்தது. தமிழ்நாட்டில் 1978ஆம் ஆண்டின் ஓய்வூதிய விதிகளைப் பார்க்க வேண்டும். காலாப்பட்டு நண்பருக்கு வந்த தொகையைச் சிதம்பரத்தில் எதிர்பார்ப்பதும், சிதம்பரத்து ஆணையைக் காலாப்பட்டில் நீட்டுவதும் பயன்படாது.

உச்சவரம்பிலும் இந்தத் தவறு நடக்கிறது. மத்திய அரசு ஊழியருக்கு 2024 ஜனவரி 1 முதல் 20 லட்சம் 25 லட்சமாயிற்று. செய்தியைப் படித்தவுடன் பல்கலைக்கழக ஊழியரும் அதே தொகையைக் கணக்குப் போட்டுவிடுகிறார். பல்கலைக்கழகம் தன்னாட்சி அமைப்பு. அரசு ஊழியருக்கான உயர்வு அங்கே தானாக ஒட்டாது, தனி ஆணை வேண்டும். வீட்டுக் கடனை அடைப்பதாக வாக்குக் கொடுக்கும்முன் அந்த ஆணையின் எண்ணையும் நாளையும் கண்ணால் பார்த்துவிடுங்கள்.

புதிய ஓய்வூதியத் திட்டத்தில் சேர்ந்தவருக்குப் பணிக்கொடையே இல்லை என்ற பேச்சும் சரியில்லை. 2004 ஜனவரி 1 முதல் சேர்ந்த மத்திய அரசு ஊழியருக்கும் பணிக்கொடை உண்டு என்று 2016 ஆகஸ்ட் 26 ஆணை தெளிவாக்கியது. தமிழ்நாட்டின் பங்களிப்புத் திட்டம் 2003 ஏப்ரல் 1 முதல் தனி. அதன் ஆணைகளைத் தனியாகவே படிக்க வேண்டும்.

ஊழியர் பணியில் இருக்கும்போதே இறந்தால் தருவது இறப்புப் பணிக்கொடை. இதற்கு 5 ஆண்டு என்ற நிபந்தனை இல்லை. மத்திய விதிப்படி ஓராண்டுக்குள் என்றால் ஊதியத்தைப் போல் 2 மடங்கு. 5 ஆண்டுக்குள் 6 மடங்கு. 11 ஆண்டுக்குள் 12 மடங்கு. 20 ஆண்டுக்குள் 20 மடங்கு. அதற்குமேல் ஒவ்வோர் அரையாண்டுக்கும் அரை மாத ஊதியம், 33 மடங்கு வரை. 60,000 ஊதியம் வாங்கியவர் 10½ ஆண்டில் இறந்தால் 7.2 லட்சம், 12 ஆண்டில் என்றால் 12 லட்சம். இங்கேதான் வாரிசு நியமனம், வாயில் 'நாமினேஷன்', உயிர்நாடியாகிறது. குடும்பம் இல்லாதபோது தம்பியின் பெயரைப் போட்டவர் திருமணம் செய்துகொண்டால் அந்த நியமனம் செல்லாததாகிவிடும். புதிய படிவம் கொடுத்து, பணிப்பதிவேட்டில் அது ஒட்டப்பட்டதைப் பார்க்க வேண்டும். மனைவியின் பெயர் ஆதாரில் ஒன்று, வங்கியில் ஒன்று, படிவத்தில் தலைப்பெழுத்து இடம் மாறி இன்னொன்று என்றிருந்தால், துக்க வீட்டிலிருந்து ஒருவர் வட்டாட்சியர் அலுவலகத்துக்கு அலைய நேரும்.

இதைக் காப்பீட்டோடு குழப்பிக்கொள்வதும் உண்டு. பல நிறுவனங்கள் பணிக்கொடைக்கான நிதியை எல்.ஐ.சி.யின் குழுத் திட்டத்தில் போட்டுவைக்கின்றன. அதனால் காசோலை எல்.ஐ.சி. வழியாக வரலாம். வந்தாலும் அது காப்பீட்டுத் தொகை அன்று. குழுக் காப்பீட்டுக்கு மாதந்தோறும் உங்கள் சம்பளத்தில் பிடித்தம் நடக்கிறது. பணிக்கொடைக்கு உங்களிடம் ஒரு ரூபாயும் பிடிப்பதில்லை. 'கம்யூடேஷன்', அதாவது ஓய்வூதியத்தைத் தொகுத்துப் பெறுதல், இன்னொரு விஷயம்: மத்திய விதியில் 40 விழுக்காடு வரையும் தமிழ்நாட்டில் மூன்றில் ஒரு பங்கு வரையும் உங்கள் ஓய்வூதியத்தையே முன்கூட்டி வாங்குகிறீர்கள், மாதத் தொகை குறைகிறது. பணிக்கொடையால் ஓய்வூதியம் குறையாது.

மத்திய விதியில் வேலையை ராஜினாமா செய்தால் முந்தைய பணிக்காலம் போய்விடும். 1972 சட்டத்தில் 5 ஆண்டு முடித்து ராஜினாமா செய்தவருக்கும் பணிக்கொடை உண்டு. ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும் ஆசிரியர்கள் இதில்தான் அடிபடுகிறார்கள். விண்ணப்பம் அலுவலகம் வழியாகப் போயிருக்க வேண்டும், விடுவிப்பு ஆணையில் புதிய பணியில் சேர்வதற்காகவே விலகுகிறார் என்ற வாசகம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பழைய பணிக்காலத்தைச் சேர்க்க முடியாமல் திண்டாட நேரிடும்.

துறை விசாரணை நிலுவையில் இருந்தால் தற்காலிக ஓய்வூதியம் வரும், பணிக்கொடை முடிவு வரும்வரை நிற்கும். மற்றபடி நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் சின்னது: நூலகப் புத்தகம், குடியிருப்புச் சாவி, வாகனக் கடனின் கடைசித் தவணை. 18 ஆண்டு பணி முடிந்ததும், ஓய்வுக்கு 5 ஆண்டு முன்பும் தகுதிப் பணிக்காலத்தைச் சரிபார்த்துச் சான்று தர வேண்டும் என்று மத்திய விதியே சொல்கிறது. அதைக் கேட்டு வாங்குபவர் குறைவு. கேளுங்கள்.

கடைசியாக விண்ணப்பத்தின் மொழி. "ஐயா அவர்கள் கருணை கூர்ந்து கிராஜுவிட்டி அளித்து உதவுமாறு" என்ற வாசகத்தை விட்டுவிடலாம். "27 ஆண்டு 4 மாதம் 10 நாள் தகுதிப் பணிக்காலத்துக்குரிய பணிக்கொடையை விதிப்படி வழங்குமாறும், தாமதமான காலத்துக்கு வட்டி சேர்த்துத் தருமாறும் கோருகிறேன்" என்று எழுதுங்கள். பணிப்பதிவேட்டின் பக்க எண்ணைக் கீழே குறிப்பிடுங்கள். தபால் பிரிவின் முத்திரையும் நாளும் குத்திய படி ஒன்று உங்கள் கையில் இருக்கட்டும். வட்டிக் கணக்கு கேட்கும்போது முதலில் எடுத்துக் காட்ட வேண்டியது அந்தத் தாள்.