பாதாளச் சாக்கடைக்கு மழைநீர் ஆகாது

மழை பிடித்து ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர். எதிர்வீட்டுப் பெரியவர் கடப்பாரையோடு வந்து, தெரு நடுவிலிருந்த பாதாளச் சாக்கடை மூடியை நெம்பித் திறந்தார். தண்ணீர் சுழித்துக்கொண்டு உள்ளே இறங்கியது. கொஞ்ச நேரத்தில் தெரு வடிந்துவிட்டது. எல்லோரும் அவருக்கு நன்றி சொன்னோம். வீட்டுக்குள் திரும்பினால் குளியலறையிலிருந்து களக், களக் என்று ஒரு சத்தம். தரையிலுள்ள வடிகால் துளையில் முதலில் குமிழிகள் வந்தன. பிறகு கறுப்பாகத் தண்ணீர் வந்தது. சென்னையில் தாழ்வான தெருவில், தரைத்தளத்தில் குடியிருந்தவர்களுக்கு அந்தச் சத்தத்தை விளக்க வேண்டியதில்லை.

அந்தப் பெரியவர் நல்ல மனதோடுதான் திறந்தார். மூடிக்கு அடியில் என்ன நடக்கிறது என்பதை எங்களில் யாருமே அறிந்திருக்கவில்லை.

சென்னையின் தெருக்களுக்குக் கீழே ஒன்றோடொன்று சேரக்கூடாத இரண்டு வழிகள் ஓடுகின்றன. சாலையோரம் காங்கிரீட் பெட்டிபோல் செல்வது மழைநீர் வடிகால். அது மாநகராட்சியின் பொறுப்பு. அதில் விழுவது எந்தச் சுத்திகரிப்பும் இல்லாமல் கால்வாய்களுக்கும், கூவம், அடையாறு வழியாகக் கடலுக்கும் போய்விடும். சாலைக்கு அடியில் ஆழத்தில் செல்வது கழிவுநீர்க் குழாய். அதைக் கவனிப்பது 1978இல் அமைக்கப்பட்ட சென்னைக் குடிநீர் வாரியம். அந்தக் கழிவுநீர், பம்பு வைத்துத் தள்ளும் உந்து நிலையங்கள் வழியாகக் கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி போன்ற சுத்திகரிப்பு நிலையங்களைச் சென்றடைகிறது. மழைநீர் இந்தக் குழாய்க்குள் போகக்கூடாது, கழிவுநீர் அந்த வடிகாலுக்குள் போகக்கூடாது. விதி இவ்வளவுதான்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு என்று கேட்டால், ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஐந்து பேர் உள்ள ஒரு வீடு. ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் தண்ணீர் என்றும், அதில் 80 சதவீதம் கழிவுநீராக வெளியேறும் என்றும் வைத்துத்தான் நம் நாட்டில் பொறியாளர்கள் திட்டமிடுகிறார்கள். அப்படியானால் அந்த வீட்டின் ஒரு நாள் கழிவுநீர் 540 லிட்டர். காலையில் எல்லோரும் குளிக்கிற நேரத்தில் ஓட்டம் மூன்று மடங்காகும் என்று கொண்டாலும், விநாடிக்கு 20 மில்லிலிட்டரைத் தொடாது. நான்கு தேக்கரண்டி அளவு!

இப்போது அதே வீட்டின் மொட்டை மாடி. பரப்பு 100 சதுர மீட்டர். ஒரு மணி நேரத்தில் 5 சென்டிமீட்டர் மழை. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இது நமக்குப் புதிதல்ல. அந்த ஒரு மணி நேரத்தில் மாடியிலிருந்து இறங்குவது 5,000 லிட்டர், அதாவது விநாடிக்குக் கிட்டத்தட்ட 1.4 லிட்டர். மாடிக் குழாயை வீட்டுச் சாக்கடைச் சேம்பரில் (கழிவுநீர்க் குழாய்கள் வந்து சேரும் வாசல் தொட்டியில்) விட்டிருந்தால், அந்த ஒரு வீடு எழுபதுக்கும் மேற்பட்ட வீடுகளின் உச்சநேரக் கழிவுநீரைத் தனியாகத் தள்ளுகிறது என்று பொருள்.

இதை வாங்கிக்கொள்ள வேண்டிய தெருக்குழாயையும் பார்ப்போம். 200 மில்லிமீட்டர் விட்டம், 250 மீட்டர் தூரத்துக்கு 1 மீட்டர் இறக்கம் என்று வைத்துக்கொண்டால், குழாய் நிறைந்து ஓடும்போது விநாடிக்குச் சுமார் 20 லிட்டர் கடத்தும். கழிவுநீர் மட்டும் என்றால் ஆயிரம் வீடுகளுக்குத் தாங்கும். மாடி மழைநீர் என்றால் பதினைந்து வீடுகளில் நிரம்பிவிடும். நடுத்தெருவில் மூடியைத் திறந்துவிட்டால் பதினைந்து வீடுகள்கூடத் தேவையில்லை.

குழாய் நிரம்பியதும் அதன் குணமே மாறிவிடுகிறது. சாதாரண நாளில் கழிவுநீர் குழாயின் அடிப்பகுதியில் மட்டும் ஓடும். மேலே காற்று இருக்கும். நிரம்பிவிட்டால் காற்று வெளியேற வழி தேடுகிறது. நம் குளியலறைத் துளைக்கு அடியில் துர்நாற்றத்தைத் தடுப்பதற்காக வளைகுழாயில் கொஞ்சம் நீர் எப்போதும் நிற்கும். அந்த நீரைத் தள்ளிக்கொண்டு காற்று வருவதுதான் அந்தக் களக் சத்தம். அடுத்து தண்ணீர் அழுத்தத்தோடு ஏறத் தொடங்குகிறது. நீர் தன் மட்டத்தைத் தேடும். குழாய்த்தொடரில் ஏறி நிற்கும் நீர்மட்டத்துக்குக் கீழே எந்த வீட்டின் தரை இருக்கிறதோ, அந்த வீட்டுக்குள் வரும். சாலை மேல் சாலை போட்டுத் தெரு உயர்ந்துபோன பழைய பகுதிகளில் அது யார் வீடு என்று சொல்லத் தேவையில்லை. மாடியில் மழைக்குழாயைத் தவறாக இணைத்தவர் நனையாமல் இருப்பார். கீழ்க்கோடியில் இருப்பவர் வீட்டில் சாக்கடை நிற்கும்.

சென்னை தட்டையான ஊர். இறக்கத்தை மட்டும் நம்பி அதிக தூரம் போக முடியாது என்பதால், குழாய் ஆழமாகிக்கொண்டே போய் ஓரிடத்தில் பம்பு வைத்து மேலேற்ற வேண்டியிருக்கிறது. அந்தப் பம்புகளின் திறனும் கழிவுநீரின் அளவை வைத்தே முடிவாகிறது. மழைநீர் வந்து குவிந்தால் உந்து நிலையத்தின் தொட்டி நிரம்பி, பின்னால் உள்ள தெருக்கள் எல்லாம் தேங்கும். சுத்திகரிப்பு நிலையத்தில் கழிவைத் தின்று செரிக்கும் நுண்ணுயிர்களும் வெள்ளத்தோடு அடித்துச் செல்லப்படலாம். லண்டனில் 19ஆம் நூற்றாண்டில் மழைக்கும் கழிவுக்கும் சேர்த்து ஒரே குழாய் போட்டார்கள். மழை கூடினால் இரண்டும் கலந்து தேம்ஸ் ஆற்றில் வழிந்தது. அதைத் தடுக்க இப்போது 25 கிலோமீட்டர் நீளச் சுரங்கம் தோண்டியிருக்கிறார்கள். கொட்டித் தீர்க்கும் நம் மழைக்கு இரண்டு வழிகளாகப் பிரித்ததே சரி.

மூடியைத் திறப்பதில் என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று. தெருநீர் தனியாக இறங்குவதில்லை. மணல், ஜல்லி, பிளாஸ்டிக் பை, இலைச்சருகு எல்லாம் சேர்ந்து இறங்குகின்றன. மழை நின்று ஓட்டம் தணிந்ததும் மணல் குழாயின் அடியில் படிந்து இறுகும். அடைப்பு உண்டாகும். தேங்கிய கழிவில் ஹைட்ரஜன் சல்பைடு வாயு உருவாகும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். செறிவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. ஆபத்து நீங்கிவிட்டதுபோல் தோன்றும் அந்த நேரம்தான் ஆளைக் கொல்லும். மனிதர்களைப் பாதுகாப்பில்லாமல் குழிக்குள் இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்துவிட்டது. இறங்க வேண்டியது இயந்திரம்தான், மனிதர் அல்ல என்பதால் தமிழ்நாட்டில் அந்தக் குழிகளுக்கு ‘இயந்திர நுழைவு வாயில்’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். இருந்தும் சாவுச் செய்திகள் இன்னும் நிற்கவில்லை. தெருவை வடியவைக்கத் திறக்கும் ஒவ்வொரு மூடியும் இன்னொரு அடைப்புக்கு மண் போடுகிறது.

எதிர்த்திசைத் தவறும் உண்டு. கழிவுநீரை மழைநீர் வடிகாலில் இணைத்துவிட்டால் கோடை முழுவதும் சேறும் எண்ணெய்ப் பசையும் அங்கே படியும், கொசு பெருகும். மழை வரும் நாளில் வடிகால் ஏற்கெனவே பாதி அடைபட்டிருக்கும்.

சரி, மாடி நீரை எங்கே விடுவது? 2003இல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமான மழைநீர் சேகரிப்பை நிலத்தடி நீருக்காக மட்டுமே என்று நினைக்கிறோம். சாக்கடையைக் காப்பதும் அதுதான். 1 மீட்டர் அகலம், 4.5 மீட்டர் ஆழமுள்ள ஓர் உறைகிணறு சுமார் 3,500 லிட்டர் கொள்ளும். மண் ஒரு சொட்டுக்கூட உறிஞ்சாவிட்டாலும், மேலே சொன்ன மழையில் முதல் நாற்பது நிமிட நீரை அது வாங்கி வைத்துக்கொள்ளும். திருவான்மியூர் போன்ற கடலோர மணற்பகுதிகளில் இன்னும் அதிகம் தாங்கும். களிமண் பகுதிகளில் சீக்கிரம் நிறையும். நிறைந்து வழிவதைச் சாலையோர மழைநீர் வடிகாலுக்கு விட வேண்டும்.

உங்கள் வீட்டில் எப்படி என்று தெரியவில்லையா? வீட்டில் யாரும் குழாய் திறக்காத நேரத்தில் ஒரு வாளித் தண்ணீரில் மஞ்சள்தூளைக் கரைத்து மாடி வடிகாலில் ஊற்றுங்கள். வாசலிலுள்ள சாக்கடைச் சேம்பரில் மஞ்சள் நீர் வந்தால் இணைப்பு தவறு. ஒரு பிளம்பருக்கு அரை நாள் வேலை. எங்கள் கட்டடத்தில் சோதித்தபோது இரண்டு மாடிக் குழாய்களில் ஒன்று அப்படித்தான் இருந்தது. அக்டோபருக்குள் மாற்றிவிட்டோம்.

மழை நாளில் தெருவில் தண்ணீர் நின்றால், கடப்பாரையைத் தேடுவதற்கு முன் சாலையோர வடிகாலின் நீர் இறங்கும் வாயைப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு பிளாஸ்டிக் பையும் இலைக்குவியலும் அடைத்திருக்கும். கையுறை போட்டு அகற்றினாலே தண்ணீர் இறங்கும். வடிகாலே அடைத்திருந்தால் மாநகராட்சியின் 1913 எண்ணையும், பாதாளச் சாக்கடை பொங்கினால் குடிநீர் வாரியத்தின் 1916 எண்ணையும் அழையுங்கள்.